உஷார், ஜாக்கிரதை, எச்சரிக்கை, விழிப்பு: எந்தச் சொல் எங்கே பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அலர்ட்’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஏழெட்டுச் சொற்கள் எதிரே வந்து நிற்கும். உஷார், ஜாக்கிரதை, எச்சரிக்கை, விழிப்பு, கவனம், பத்திரம், சூதானம், அவதானம். அகராதியில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். பேச்சில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. செய்தி எழுதுபவர்கள், அறிவிப்புப் பலகை எழுதுபவர்கள், வசனம் பெயர்ப்பவர்கள், மருத்துவமனையில் நோயாளியின் நிலையைக் குறித்து வைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள் உள்ளன.

‘உஷார்’ தமிழ்ச் சொல்லா?

இல்லை. பாரசீகத்தின் ‘ஹோஷியார்’ உருது வழியாகத் தமிழுக்கு வந்து ‘உஷார்’ ஆனது. ‘ஹோஷ்’ என்றால் உணர்வு, புத்தி. அது உள்ளவன் ஹோஷியார். சிப்பாய், ஜமேதார், தாசில்தார், பாரா என்று படையையும் காவலையும் ஒட்டி வந்த சொற்களோடு இதுவும் வந்து தங்கிவிட்டது. இரவுக் காவல்காரர்களின் ‘பாரா உஷார்!’ என்ற கூவல் இன்றும் பேச்சில் உண்டு. காவல் நிலையத்திலும் சிறையிலும் ‘பாரா’ இன்னும் வேலையில் இருக்கும் சொல்.

வேர்ப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உஷார் என்பது கண் திறந்திருப்பதைப் பற்றியது அல்ல, புத்தி திறந்திருப்பதைப் பற்றியது. ராத்திரி முழுக்க விழித்திருந்த காவலாளி உஷாராக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. பேருந்தில் அரைக்கண் மூடி உட்கார்ந்திருக்கும் அம்மா பை மேல் கை வைத்திருந்தால் அவர் உஷாரானவர்.

‘உசாவு’ என்ற பழைய தமிழ் வினையிலிருந்து ‘உசார்’ வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். உசாத்துணை அதிலிருந்து வந்தது. ஒலி நெருக்கம் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை.

வாக்கியத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

‘உஷாராக இரு’ என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இந்தச் சொல்லின் தனிப் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: நிலை மாறும் கணத்தைச் சொல்ல இதைப்போல் இன்னொன்று இல்லை. ‘கதவு சத்தம் கேட்டதும் உஷாரானான்.’ இங்கே ‘ஜாக்கிரதையானான்’ என்று போட்டால் மெதுவாகிவிடும். ‘எச்சரிக்கையானான்’ என்றால் எழுத்துநடை ஆகிவிடும்.

‘உஷார்படுத்து’ பிறரை அந்த நிலைக்குக் கொண்டுவருவது. ‘சோதனைச்சாவடிகள் உஷார்படுத்தப்பட்டன’ என்று செய்தியில் வருவது இதனால்தான். ‘எச்சரிக்கப்பட்டன’ என்று எழுதினால் சாவடியில் இருந்தவர்கள் ஏதோ தவறு செய்து திட்டு வாங்கியதுபோல் ஆகும்.

ஒரு நபரைப் பற்றி ‘அவர் உஷாரான ஆளு’ என்றால் விவரமானவர், எளிதில் ஏமாறமாட்டார் என்று பொருள். பாராட்டும் இருக்கலாம், ‘கொஞ்சம் பார்த்துப் பழகு’ என்ற குறிப்பும் இருக்கலாம். குரல்தான் சொல்லும்.

சென்னைப் பேச்சில் ‘உஷார் பண்ணு’ முற்றிலும் வேறு. ‘ஒரு ஐந்நூறு ரூபாய் உஷார் பண்ணு’ என்றால் எப்படியாவது ஏற்பாடு செய். ‘அந்தப் பொண்ணை உஷார் பண்ணிட்டான்’ என்றால் காதலில் மடக்கிவிட்டான். வசனத்தில் ‘அவனை அலர்ட் பண்ணு’ என்று வந்தால், அதை ‘அவனை உஷார் பண்ணு’ என்று எழுதும் முன் ஒரு முறை யோசியுங்கள். ‘உஷார்படுத்து’, ‘அவன்கிட்ட சொல்லி வை’ இரண்டும் பாதுகாப்பானவை.

பக்கத்து மொழிகளிலும் இதே பொருள்தானா?

கன்னடத்தில் ‘ஹுஷாரு’ எச்சரிக்கையையும் குறிக்கும், உடல்நலத்தையும் குறிக்கும். ‘ஹுஷாரில்லா’ என்றால் உடம்பு சரியில்லை. தெலுங்கில் ‘ஹுஷாரு’ துள்ளல், உற்சாகம். ஈழத் தமிழில் ‘உசார்’ இந்தப் பக்கம் சாய்ந்தது. ‘உசாரான பொடியன்’ சுறுசுறுப்பான பையன், சந்தேகக் கண்ணோடு திரிகிறவன் அல்ல. யாழ்ப்பாணத்து எழுத்தில் ‘உசாராக வேலை செய்தார்கள்’ என்று வந்தால் தமிழ்நாட்டு வாசகர் அதை ‘கவனமாக’ என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். உற்சாகமாக என்று படிக்க வேண்டும்.

‘ஜாக்கிரதை’க்கும் ‘எச்சரிக்கை’க்கும் என்ன வேறுபாடு?

ஜாக்கிரதை சமஸ்கிருதத்தில் ‘விழித்திருத்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது. சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளில் முதலாவதான சாக்கிரம், அதாவது நனவு, இதன் உடன்பிறப்பு. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் சிறு ஒலி மாற்றத்தோடு இதே சொல் புழங்குகிறது. தமிழ்ப் பேச்சில் இது பெரும்பாலும் கேட்பவரின் நடத்தையைப் பற்றியது: ‘ஜாக்கிரதையா இறங்கு’, ‘பணத்தை ஜாக்கிரதையா வை’. இரண்டாவது எடுத்துக்காட்டில் ஆபத்தே இல்லை, பத்திரப்படுத்துதல் மட்டும்தான். தனியாக, விரலை நீட்டிச் சொன்னால் அது மிரட்டல்: ‘இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தே, ஜாக்கிரதை!’

எச்சரிக்கை நம் பக்கத்து மொழி உறவு. கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்பு. தூக்கம் கலைந்தது என்பதற்கும் அதே சொல்தான். தெலுங்கில் ‘ஹெச்சரிக’. அரசர் வருகையை, சுவாமி புறப்பாட்டை அறிவிக்கும் கூவலாகவும் இது இருந்தது; தியாகராஜரின் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளில் ஒன்று இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. கூவி அறிவிப்பது என்ற அந்தக் குணம் தமிழில் அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் எச்சரிக்கையை ‘விடுக்கலாம்’, ‘விலக்கிக்கொள்ளலாம்’. ஜாக்கிரதையை யாரும் விடுப்பதில்லை.

தொல்லை என்னவென்றால் எச்சரிக்கை மூன்று வேலை பார்க்கிறது. ‘எச்சரிக்கையாக இரு’ என்பதில் அது மனநிலை. ‘வெள்ள எச்சரிக்கை’யில் அறிவிப்பு. ‘போலீஸார் எச்சரித்து அனுப்பினர்’ என்பதில் கண்டிப்பு. ‘ஆட்சியர் மீனவர்களை எச்சரித்தார்’ என்று தலைப்பு போட்டால், புயலைப் பற்றிச் சொன்னாரா, திட்டினாரா? ‘கடலுக்குப் போக வேண்டாம் என ஆட்சியர் அறிவுறுத்தினார்’ என்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

‘முன்னெச்சரிக்கை’ என்றால் முன்கூட்டியே சொல்வதா, முன்கூட்டியே செய்வதா?

இரண்டும். ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்பது செய்வது: மணல் மூட்டை அடுக்குவது, மின்கம்பியைத் தொடும் கிளையை வெட்டுவது. ‘சுனாமி முன்னெச்சரிக்கை மையம்’ என்பது சொல்வது. இந்தியாவில் அது 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. செய்தியில் ‘முன்னெச்சரிக்கைக் கைது’ என்றால் அதில் எச்சரிப்பதே இல்லை, தடுப்பு மட்டும்தான். தெளிவு வேண்டிய இடத்தில் சொல்வதற்கு ‘முன்னறிவிப்பு’ என்றும் செய்வதற்கு ‘முன்னேற்பாடு’ என்றும் பிரித்துக்கொள்வது நல்லது.

‘நாய்கள் ஜாக்கிரதை’ பிழையா?

இலக்கணப்படி நொண்டினாலும் வழக்கில் நின்றுவிட்டது. நாயிடம் ஜாக்கிரதை என்றே எல்லாரும் படிக்கிறார்கள். ‘திருடர்கள் ஜாக்கிரதை’யும் அப்படித்தான். பிழை என்று அடிக்க வேண்டியதில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாசலில் நிற்கும் தபால்காரர் என்ன செய்ய வேண்டும்? பலகை சொல்லவில்லை. ‘உள்ளே நாய் இருக்கிறது. மணி அடித்துவிட்டு வெளியே நில்லுங்கள்’ என்பது ஏழு சொல்தான். அந்த வீட்டுக்கு வரும் எரிவாயு உருளைக்காரருக்கும் கூரியர் பையனுக்கும் அதுதான் உதவும்.

‘விழிப்பு’, ‘விழிப்புணர்வு’ இரண்டையும் மாற்றி எழுதலாமா?

கூடாது. விழிப்பு இந்த நொடியின் நிலை. விழிப்புணர்வு ஒரு விஷயத்தைப் பற்றிய அறிவு. ‘புற்றுநோய் விழிப்புணர்வு முகாம்’ சரி. ‘ஓட்டுநர் விழிப்புணர்வுடன் ஓட்ட வேண்டும்’ தவறு. அவருக்கு வேண்டியது விழிப்பு. ராத்திரி இரண்டு மணிக்குச் சாலையில் கண் சொருகும் ஓட்டுநருக்குச் சாலை விபத்து பற்றிய விழிப்புணர்வு நிறையவே இருக்கும்.

2020 ஊரடங்கின்போது தமிழ்நாட்டு அரசு ‘விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு’ என்று எழுதியது. வள்ளலார் பெயரோடு வழங்கும் ‘பசித்திரு, தனித்திரு, விழித்திரு’ காதில் ஏற்கெனவே இருந்ததால் அது உடனே பதிந்தது. ‘விழிப்புணர்வுடன் இருங்கள்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் நினைவில் நின்றிருக்காது.

‘விழி’ என்ற வினையில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘விழித்துக்கொண்டான்’ என்றால் தெளிந்தான். ‘விழித்தான்’ என்று மட்டும் சொன்னால், பல சமயம் ஒன்றும் புரியாமல் நின்றான். ‘கேள்வி கேட்டதும் திருதிருவென விழித்தான்.’ ‘பேந்தப் பேந்த விழிக்கிறான்.’ பேச்சில் இது ‘முழி’ ஆகும்போது இன்னும் கூர்மை: ‘முழிச்சுக்கோ’ என்றால் உஷாராகு, ‘என்ன முழிக்கிறே?’ என்றால் பதில் தெரியவில்லையா. துணைவினை ‘கொள்’தான் பொருளைத் திருப்புகிறது. மொழிபெயர்ப்பில் அதை விட்டுவிடாதீர்கள்.

கலப்பில்லாத தமிழில் பழைய சொல் எதுவும் இல்லையா?

இருக்கிறது. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் ‘பொச்சாவாமை’. பொச்சாப்பு என்றால் மறதி, மகிழ்ச்சியில் மெத்தனமாக இருந்துவிடுதல். அது இல்லாமையே அதிகாரத்தின் பொருள். உஷாருக்கு இவ்வளவு நெருங்கிய பழஞ்சொல் வேறில்லை. ஆனால் ஒரு நுணுக்கம்: உஷார் வெளியிலிருந்து வரும் ஆபத்தை நோக்கியது, பொச்சாவாமை நம் உள்ளிருந்து வரும் அசட்டையை நோக்கியது.

383-ஆம் குறளில் ஆள்பவனுக்கு நீங்காது இருக்க வேண்டிய மூன்றில் முதலாவது ‘தூங்காமை’. இதைக் கண் உறங்காமை என்று படிக்கக் கூடாது. ‘தூங்கு’ என்பதற்குத் தொங்குதல், தாமதித்தல் என்ற பொருள்கள் உண்டு. காரியத்தைத் தொங்கவிடாமல் செய்வதே அங்கே தூங்காமை.

இன்றைய அறிவிப்பில் பொச்சாவாமையைப் போட முடியாது. மேடைக்கும் கட்டுரைக்கும் அழகு. மின்மாற்றி வேலியில் அழகு வேண்டாம், புரிய வேண்டும்.

‘சாவதானம்’, ‘பராக்கு’ இரண்டும் ஏன் குழப்புகின்றன?

பொருள் தலைகீழாகத் திரும்பிய சொற்கள் என்பதால். ‘அவதானம்’ கவனம், ‘சாவதானம்’ கவனத்தோடு கூடியது. இந்தியில் ‘சாவ்தான்’ இன்றும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது, அணிவகுப்பில் விறைப்பாக நிற்கச் சொல்லும் ஆணையும் அதுவே. தமிழில் ‘சாவதானமாக நடந்து வந்தார்’ என்றால் அவசரமே இல்லாமல் வந்தார். கவனமாகச் செய்பவர் பதறமாட்டார் என்ற வழியில் சொல் நகர்ந்து, கடைசியில் கவனம் உதிர்ந்து நிதானம் மட்டும் மிஞ்சியது. இந்தி அறிவிப்பைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லை அப்படியே எடுத்துவிடுவது பெரிய பிழை.

பராக்கு இன்னும் வேடிக்கை. கட்டியங்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவினால் எல்லாரும் கவனிக்க வேண்டும். பையன் ‘பராக்கு பார்த்தால்’ கவனம் எங்கேயோ போய்விட்டது. தெலுங்கிலும் இப்படி இரண்டு பக்கமும் உண்டு. பேச்சில் இன்று உயிரோடு இருப்பது பராக்கு பார்ப்பது மட்டும்தான்.

‘அவதானம்’ தமிழ்நாட்டில் பெரும்பாலும் வித்தையாகவே நினைவில் இருக்கிறது: ஒரே நேரத்தில் எட்டு விஷயங்களைக் கவனித்து விடை சொல்வது அட்டாவதானம், நூறானால் சதாவதானம். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சதாவதானி என்றே அறியப்பட்டவர். இலங்கையில் அவதானம் அன்றாடச் சொல். வீதியோரப் பலகையிலும் வானொலி அறிவிப்பிலும் ‘அவதானமாக இருங்கள்’ என்றே வரும்.

வழியனுப்பும்போது ஊருக்கு ஊர் என்ன சொல்கிறார்கள்?

பொதுவாக ‘பார்த்துப் போங்க’, ‘பத்திரமா போய்ட்டு வாங்க’. மதுரைக்குத் தெற்கே ‘சூதானமா போயிட்டு வா’. சூதானத்தில் கவனத்தோடு கொஞ்சம் சாமர்த்தியமும் சேரும். ‘சூதானமா பொழைச்சுக்கோ’ என்பதை ‘ஜாக்கிரதையா பொழைச்சுக்கோ’ என்று மாற்ற முடியாது. கொங்கிலும் தெற்கிலும் ‘பதனமா’ என்பது பாத்திரத்தை இறக்கி வைக்கவும் ஆளை அனுப்பவும் ஆகும். யாழ்ப்பாணத்தில் ‘கவனமாப் போட்டு வாங்கோ’.

இந்த இடத்தில் ‘உஷாரா போ’ என்று சொன்னால் அன்பு குறைந்து பயம் கூடும். வழியில் யாரோ காத்திருப்பதுபோல் ஆகிவிடும். ‘எச்சரிக்கையாகச் செல்லுங்கள்’ என்று வீட்டு வாசலில் யாரும் சொல்வதில்லை.

‘ரெட் அலர்ட்’ என்று எழுதுவது சரியா?

ஊரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரிசையில் ‘அலர்ட்’ என்பது ஆரஞ்சு. பச்சை: எச்சரிக்கை இல்லை. மஞ்சள்: தொடர்ந்து கவனித்திருங்கள். ஆரஞ்சு: ஆயத்தமாக இருங்கள், அலர்ட் இதுதான். சிவப்பு: இப்போதே செயல்படுங்கள், அதன் பெயர் ‘வார்னிங்’. ஆகவே சிவப்புக்குச் ‘சிவப்பு எச்சரிக்கை’ பொருத்தமாக உட்காருகிறது. மஞ்சளுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதினால் படிகள் ஒன்றாகக் கரைந்துவிடும். நிறத்தின் பக்கத்திலேயே செய்ய வேண்டியதையும் எழுதிவிடுங்கள்: ‘ஆரஞ்சு – ஆயத்தம்’, ‘சிவப்பு – உடனே செயல்’.

மழையளவுச் சொற்களிலும் கறார் வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ‘மிக’வும் ‘அதி’யும் அலங்காரம் அல்ல. ஒரு செய்தியில் அழகுக்காக மாற்றிப் போட்டால் பத்து சென்டிமீட்டர் மழை இடம் மாறிவிடும். நிறம் மழையளவை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதும் இல்லை. நடக்கும் வாய்ப்பும் உண்டாக்கும் பாதிப்பும் சேர்த்துப் பார்க்கப்படும்.

புயலுக்கு நான்கு கட்டம்: 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணிக்கு முன் அலர்ட், 24 மணிக்கு முன் வார்னிங், கரை கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பு, கரை கடந்த பிறகு என்ன ஆகும் என்ற நிலவரம். தமிழில் இரண்டாவதும் மூன்றாவதும் ‘புயல் எச்சரிக்கை’ ஆகிவிடுகின்றன. இதற்குப் புதுச்சொல் செய்து திணிப்பதைவிட மணியைச் சேர்ப்பதே வழி: ‘48 மணி நேரப் புயல் எச்சரிக்கை’, ‘24 மணி நேரப் புயல் எச்சரிக்கை’. படகை மேடேற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அந்த எண்ணிலிருந்துதான் மீனவருக்குத் தெரியும்.

11-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டுதான் மிகக் கொடியதா?

இது பரவலான தவறு. துறைமுகத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் ஏற்றிக் காட்டும் குறிகளே ‘கூண்டு’. 1-ம் 2-ம் தொலைவில் கடலில் நடப்பதைச் சொல்கின்றன: முதலாவது தாழ்வு மண்டலம், இரண்டாவது புயல். 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே வரக்கூடிய அச்சுறுத்தல். 5, 6, 7 புயல் அபாயம். இவற்றுக்குள் வேறுபாடு வலுவில் இல்லை, திசையில். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் சென்றால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

11 என்றால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலை இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார். எனவே ‘5-லிருந்து 6 ஆக உயர்த்தப்பட்டது’ என்ற தலைப்பு பொருளற்றது. ‘மாற்றப்பட்டது’ என்று எழுதுங்கள்.

‘கவனம்’ ஆபத்தைக் குறிக்குமா?

தனியாகக் குறிக்காது. ரயில் நிலையத்தில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று கேட்டு யாரும் பதறுவதில்லை. எச்சரிக்கைக்கு ஒரு படி கீழே நிற்பது கவனம். இந்திய ரயில்வேயின் சைகை விளக்குகளிலேயே இந்தப் படி இருக்கிறது. இரட்டை மஞ்சள் ‘அட்டென்ஷன்’: போகலாம், அடுத்த சைகையைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக இரு. ஒற்றை மஞ்சள் ‘காஷன்’: போகலாம், அடுத்த சைகையில் நிற்கத் தயாராக இரு. முதலாவதைக் கவனம் என்றும் இரண்டாவதை எச்சரிக்கை என்றும் பெயர்த்தால் படி சரியாக விழும்.

மருத்துவக் குறிப்பில் ‘பேஷன்ட் அலர்ட்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘நோயாளி உஷாராக இருக்கிறார்’ என்றால் ஏதோ திட்டத்தோடு படுத்திருப்பதுபோல் இருக்கிறது. ‘விழிப்புணர்வுடன்’ என்பதும் தவறு. ‘சுயநினைவோடு இருக்கிறார்’ என்பது ஓரளவு பொருந்தும், ஆனால் போதாது. நினைவு இருந்தும் குழம்பிப் பேசுபவர்கள் உண்டு.

அவசர சிகிச்சையில் நான்கு படிகள் பார்ப்பார்கள்: தானாக விழித்திருக்கிறாரா, குரலுக்குப் பதில் தருகிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா. வீட்டிலிருந்து 108-ஐ அழைப்பவர் ‘மயக்கமா இருக்காரு’ என்று மட்டும் சொல்வதைவிட, கண்டதை அப்படியே சொல்வது மேல்: ‘கண் திறந்து பார்க்கிறார், பேர் கேட்டா சொல்றார்’ அல்லது ‘கூப்பிட்டா கண் திறக்கிறார், பேச்சு குழறுது’ அல்லது ‘கிள்ளினா கையை இழுக்கிறார், கண் திறக்கல’. ‘மயக்கம்’ தமிழில் தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும் என்பதால் இங்கே அது மிக மோசமான சொல்.

எச்சரிக்கைப் பலகையை எந்த வரிசையில் எழுதுவது?

முதலில் ஆபத்து எது என்று பெயர் சொல்லுங்கள். பிறகு அது இருக்கும் இடம் அல்லது நேரம். கடைசியில் படிப்பவர் செய்ய வேண்டியது. ஆற்றங்கரையில் ‘எச்சரிக்கை! இங்கு குளிப்பது ஆபத்தானது’ என்று இருக்கும் பலகையைப் பாருங்கள். குளிப்பவர் அதன் அடியிலேயே துணி வைத்துவிட்டு இறங்குவார், ஏனென்றால் மேலே தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது. ‘இரண்டடி தள்ளிப் பாறைக்குழி. ஆழம் 20 அடி. இறங்காதீர்கள்’ என்று இருந்தால் கால் நிற்கும். அளவு உண்மையாக அளந்ததாக இருக்க வேண்டும். ஊகித்து எழுதினால் கோடையில் வற்றும்போது பலகையை யாரும் நம்பமாட்டார்கள்.

வினைமுடிவில் ‘தொடாதே’ குட்டையானது, எட்டப் படிக்க முடியும். ‘தொடாதீர்கள்’ மரியாதை. ‘தொடக்கூடாது’ விதி. உயிர்போகும் இடத்தில் ‘தொடாதே’ என்பதை யாரும் அவமரியாதையாக எடுப்பதில்லை. பூங்காவில் பூவைப் பறிக்காதே என்றால் எடுப்பார்கள். ‘தவிர்க்கவும்’ என்பதை ஆபத்துப் பலகையில் போடவே வேண்டாம். அது விருப்பம்போல் ஒலிக்கிறது.

எழுத்தின் உயரம் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பலகை எழுதுவோர் கணக்கு. முப்பதடி தள்ளிப் படிக்க மூன்று அங்குலம். தமிழில் இதற்கு மேல் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், சுழிகளும் புள்ளிகளும் தூரத்தில் அடைந்துபோகும். ‘எச்சரிக்கை’யில் மட்டும் இரண்டு புள்ளி. தூரிகையால் எழுதும்போது புள்ளியை மேல்கோட்டோடு ஒட்டவிடக் கூடாது. மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து வெயிலிலும் தாங்கும். சிவப்புத் தரையில் கறுப்பு அந்தியில் மறைந்துவிடும்.

மின் நிறுவல்களில் மண்டையோடும் எலும்பும், மாநில மொழியில் ‘அபாயம்’ என்ற சொல்லும், வோல்ட் அளவும் இருக்கும். அங்கே ‘எச்சரிக்கை’ என்று மாற்றக் கூடாது. அபாயம் பொருளில் இருப்பது. எச்சரிக்கை நம்மிடம் இருக்க வேண்டியது. படிக்கத் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் அந்த மண்டையோடுதான் பேசுகிறது, ஆகவே சுவரொட்டி அதை மறைத்தால் உடனே கிழித்தெடுக்க வேண்டும்.

‘கண்கொத்திப் பாம்பாக’, ‘கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு’ இவை ஒன்றா?

முதலாவது பிறரை விடாமல் கண்காணிப்பது, கொஞ்சம் பகையும் உண்டு. இரண்டாவது பிழை தப்பாமல் துருவிப் பார்ப்பது, கணக்குப் புத்தகத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ஏற்றது. பிள்ளையை, நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கு இரண்டும் ஆகாது. அதற்குக் ‘கண்ணும் கருத்துமாக’.

எழுத்துப்பிழைகள்?

‘ஜாக்கிரதை’யில் ‘க்’, ‘கி’ இரண்டில் எதையும் விடக்கூடாது. ‘ஜாகிரதை’, ‘ஜாக்ரதை’ பிழை. கிரந்தம் தவிர்ப்பவர்கள் ‘சாக்கிரதை’ எழுதலாம். ‘உஷார்’, ‘உசார்’ இரண்டும் ஏற்கத்தக்கவை, ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ‘எச்சரிக்கைப் பலகை’, ‘எச்சரிக்கைக் கூண்டு’, ‘எச்சரிக்கைச் செய்தி’ என்று வல்லினம் மிகும். ‘எச்சரிக்கை மணி’யில் மிகாது. ‘எச்சரிக்கை செய்தார்’ என்பதைவிட ‘எச்சரித்தார்’ நன்று. ‘எச்சரிக்கைச் செய்தி’யையும் ‘எச்சரிக்கை செய்தி’ என்று எழுதிவிட்டால், முன்னிலையில் ஒருவரைப் பார்த்து ‘நீ எச்சரித்தாய்’ என்று பழைய நடையில் சொன்னதாகவும் படிக்க இடமுண்டு. ஒற்றைப் போட்டுவிட்டால் அந்த ஐயம் எழாது.